அத்தியாயம் 14: கேட்காமல் விட்ட கேள்வி

அந்த ஐந்து வரிகளைப் படித்து இன்றோடு மூன்று நாள்.

படித்திருக்கக் கூடாது. ஆனால் நான்தான் கேட்டு வாங்கிப் படித்தேன்.

தினமும் காலையில் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடுவேன். லாரி கம்பெனியின் கணினிப் பிரிவு. அந்த நேரத்தில் நானும், தரை துடைக்கிற அம்மாவும், அவருடைய வாளியும்தான். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் சந்தேகம் கேட்கும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் என் பெயர் ஊசிநூல். பதினோரு வருஷமாகப் பதில் சொல்கிறேன். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அதுதான் அந்த இடத்தின் சுகம்.

நத்தை என்ற பெயரோடு ஒருத்தி அங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பதிவேடு பார்க்கிற பெண். ரிசல்ட் தயாராகியும் வந்து வாங்காதவர்களைத் தினமும் நோட்டில் விரல் வைத்துத் தேடி அலுத்துப்போய், இதை ஒரு புரோகிராம் செய்யாதா என்று தானாகவே படிக்க ஆரம்பித்தவள். அவளுடைய முதல் கேள்வி இரண்டே வார்த்தை: "வேலை செய்யல. ஹெல்ப்."

கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "எது? புரோகிராமா, நீங்களா?"

கேலிக்கு ஆறு பேர் சிரித்திருந்தார்கள். நான் எழுதினேன்: "என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். எழுதும்போதே பாதி தெரிந்துவிடும்." அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் 'ஊசிநூல் அக்கா'.

எனக்கென்று சில பழக்கங்கள் உண்டு. முழுப் புரோகிராமை எழுதிக் கொடுக்க மாட்டேன். பதில் சொல்லும் முன் ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்பேன். பட்டியல் சம்பந்தமான சந்தேகமானால், "முதல் ஐந்து வரிகளை இங்கே ஒட்டுங்கள். பெயரையும் நம்பரையும் பொய்யாக மாற்றிவிடுங்கள்" என்பேன். முதல் வாக்கியத்தை எழுதினால் இரண்டாவது தானாக விரலில் வரும்.

சனிக்கிழமை அந்த இரண்டாவது வரவில்லை. பாதியில் பெரியக்காவின் போன் வந்தது. ஒரு கையில் போன், மறுகையில் அனுப்பும் பொத்தான். நத்தை, சொன்ன பேச்சு கேட்கிற பெண். உள்ளது உள்ளபடி ஐந்து வரிகளை ஒட்டிவிட்டாள்.

மூன்றாவது வரியில் என் பெரியக்கா இருந்தாள்.

பெயர். வயது ஐம்பத்தொன்று. பரிசோதனை: சிறுநீரகப் பொருத்தம். எங்கள் தம்பிக்காக எடுத்தது. ரிசல்ட் தயாரான தேதி ஒன்றரை மாதம் முந்தையது. அதற்கு அடுத்து, வாங்கிய தேதி என்ற இடம் வெறுமையாக இருந்தது.

ஒன்றரை மாதம் முன்பு போனில் அழுதாளே. "ரிசல்ட் வாங்கிட்டேன்டி. பொருந்தலயாம். நான் கொடுத்து வெக்கல." நானும் கூட அழுதேனே.

நத்தையிடம் சொல்லி அந்த வரிகளை அழிக்க வைத்தேன். தளத்தின் நிர்வாகிகளுக்கு எழுதி, பழைய பிரதியையும் துடைக்கச் சொன்னேன். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பத்து நிமிஷம் ஏன் ஆயிற்று என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் ஏழு நிமிஷம் நான் மூன்றாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது இங்க தெரிஞ்சா என் வேலை போயிடும். ஒன்றரை வருஷம் அலைஞ்சு கெடச்ச வேலை" என்று தனியாக எழுதியிருந்தாள்.

"தப்பு உன்னுடையது இல்லை. நான் சொல்ல மறந்தேன்" என்று பதில் போட்டேன். அதை ஒரு கைதேர்ந்த நல்லவளின் குரலில் எழுத முடிந்தது எனக்கு.

இன்று காலை போன் அடித்தது. பெரியக்கா.

"ஏய் நடு, இன்னிக்கு அவன்கூட நீ உக்கார்றியா, நான் போகட்டுமா?"

மூன்று பேரில் நான் நடு. நாற்பத்தைந்து வயதிலும் அவளுக்கு நான் நடுதான்.

"ரெண்டு பேரும் போலாம்க்கா."

"ரெண்டு பேர் இருந்தா அந்த நர்சம்மா ஒருத்தரை வெளிய அனுப்பிடும்."

"உன்னை அனுப்ப அவங்களால முடியுமா?"

"அதுவும் சரிதான்." சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இருநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துவாள். "வரும்போது கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கிட்டு வா. போன தடவை அவன் காலைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"அக்கா..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. சாக்ஸ் என்ன கலர்?"

"ஆமா, கல்யாணத்துக்குப் போறான் பாரு. ஏதோ ஒரு கலர்."

வைத்துவிட்டாள்.

கேட்கத்தான் நினைத்தேன். ஏன் வாங்கவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. ஆனால் கேட்டால் அடுத்த நொடி, "உனக்கு யார் சொன்னா?" என்பாள். யாரும் சொல்லவில்லை என்றால் நம்ப மாட்டாள். விசிலை எடுத்துக்கொண்டு நேரே அந்த நிலையத்துக்குப் போவாள். நத்தையின் மேஜைக்கு முன்னால் போய் நிற்பாள். சொல்லாமல் இருந்தாலோ, என் தம்பி வாரத்துக்கு மூன்று நாள் அந்த மெஷினோடு கட்டப்பட்டுக் கிடப்பான். பிரிக்காத ஒரு ரிசல்ட் உறையில் கிடக்க, அவன் கிடப்பான். பொருத்தமா இல்லையா என்பதுகூட யாருக்கும் தெரியாது. தருகிறவரின் விருப்பம்தான் முக்கியம் என்பதால் அதை அவர் கையில் மட்டும்தான் கொடுப்பார்கள். கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுவதும் காட்டாததும் அவர் பாடு.

திரையில் நத்தையின் புதிய கேள்வி காத்திருந்தது. முப்பது நாள் தாண்டியவர்களை மட்டும் எடு என்றால், நேற்று வந்தவர்களையும் சேர்த்து எடுக்கிறதாம். பொய்யாக மாற்றிய ஐந்து வரிகளை இந்த முறை ஒழுங்காக ஒட்டியிருந்தாள். "இது சரியாயிட்டா இன்னிக்கே எல்லாருக்கும் நினைவூட்டல் மெசேஜ் அனுப்பலாம்னு மேனேஜர் சொல்லிட்டார் அக்கா!"

கை நின்றுவிட்டது.

எல்லோருக்கும். அதாவது பெரியக்காவுக்கும்.

நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். நத்தையும் மாட்ட மாட்டாள். நிலையமே, தன் வழக்கமான வேலையாக, அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். இதைவிட நேர்மையான வழி வேறென்ன இருக்கிறது? அப்படித்தான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். எனக்குள் இருக்கிற வக்கீலுக்கு எப்போதுமே நல்ல வாய்.

அவளுடைய சிக்கல் பார்த்தவுடன் புரிந்தது. தேதிகளைத் தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாக வைத்திருந்தாள். எழுத்தாகப் பார்த்தால் கணினிக்கு ஒன்பது பெரியது, பத்து சின்னது. முதல் எழுத்தைத்தானே அது பார்க்கும். வேறு நாளாக இருந்தால், "ஒன்பதாம் தேதியையும் பத்தாம் தேதியையும் கொடுத்து எது பெரியது என்று உங்கள் புரோகிராமையே கேட்டுப் பாருங்கள். அது சொல்வதை எனக்கு எழுதுங்கள்" என்றிருப்பேன். அவள் கேட்டுப் பார்ப்பாள், திகைப்பாள், மதியம் எழுதுவாள், நாளைக்குள் தானே கண்டுபிடிப்பாள். அந்தத் திகைப்பு அவளுக்குச் சொந்தமானது. அதைப் பிடுங்கக் கூடாது என்பதற்காகத்தான் பதினோரு வருஷமாக முழுப் புரோகிராமை எழுதிக் கொடுக்காமல் இருக்கிறேன்.

இன்று எழுதிக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. இருபது நிமிஷம்.

மெசேஜையும் நானே திருத்தினேன். 'உங்கள் ரிசல்ட் தயார்' என்றுதான் அவள் எழுதியிருந்தாள். எத்தனை நாளாயிற்று என்று சேர்த்தால் படிக்கிறவருக்கு உறைக்கும் என்று, அந்த எண்ணிக்கையையும் சேர்த்தேன். பட்டியலில் போன் 1, போன் 2 என்று இரண்டு தலைப்புகள் இருந்தன. எங்கள் லாரி கம்பெனியில் வாடிக்கையாளர் நம்பரை மாற்றினால் பழையது முதலில் இருக்கும், புதியது இரண்டாவதில் ஏறும். கை பழக்கத்தில் போன் 2 என்று எழுதிக்கொண்டு போனேன். நத்தை பொய்யாகப் போட்ட வரிகளில் இரண்டிலும் ஒரே நம்பர். ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது.

திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அய்யோ அக்கா! முழுசா எழுதிக் குடுத்துட்டீங்களே! உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

டயாலிசிஸ் அறையில் ஆறு படுக்கைகள். தம்பி, எங்கள் சின்னவன், ஜன்னல் பக்கம். இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போய்த் திரும்பி வந்தன. வலது கையில் போன் வைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் போகிறான்.

"வா சின்னக்கா. பெரியக்கா அரை மணி நேரமா நர்சம்மாவுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்துட்டிருக்கு."

"முட்டி வலின்னாங்கடா. சும்மா விட முடியுமா?" பெரியக்கா சாக்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். "பச்சையா? கெடச்சுதே."

"நீதானே ஏதோ ஒரு கலர்ன்னே."

"அதுக்குன்னு கிளி மாதிரியா?"

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க" என்றான் அவன். "எனக்கு பிபி ஏறுதுன்னு மெஷின் கத்தப் போகுது."

பெரியக்கா குனிந்து அவன் பாதத்தை மடியில் வைத்துச் சாக்ஸை மாட்டினாள். ஒவ்வொரு விரலாக நீவிவிட்டு. அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று நாளாக வரவழைத்துப் பார்க்கிறேன், வரவில்லை.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

எட்டு மாதம் முன்பு முதல் பரிசோதனையிலேயே டாக்டர் என்னிடம், "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும்மா, நீங்க குடுக்க முடியாது" என்றார். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். சின்னவனே எழுந்து வந்து என் முதுகைத் தட்டினான். "விடு சின்னக்கா, நீ என்ன பண்ணுவே" என்றான். அது துக்கம் இல்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி. அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஒரு டாக்டரே வந்து காரணத்தைச் சொல்லிவிட்டார், பெரியக்கா அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் போன் அதிர்ந்தது. நத்தை. "ஓடிடுச்சு அக்கா! முப்பத்தோரு பேர்! மேனேஜர் கைதட்டினார். மெசேஜ் எல்லாம் இப்பதான் போயிட்டிருக்கு!"

பெரியக்காவின் போன் அவள் பைக்கு மேல் குப்புறக் கிடந்தது. அதையே பார்த்தேன். இப்போது ஒலிக்கும். எடுப்பாள். படிப்பாள். அவள் முகம் மாறும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது? சாக்ஸையா, ஜன்னலையா?

டிங் என்று ஒரு சத்தம்.

பெரியக்காவின் போன் அல்ல.

சின்னவன் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தான். முதலில் அலட்சியமாக. பிறகு கண்ணுக்கு அருகில் கொண்டுபோய். மெஷினின் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

"யாருடா?" என்றாள் பெரியக்கா.

"போன் கம்பெனிக்காரன். புது பிளான் வேணுமாங்குறான்."

"வேணாம்னு சொல்லு. ஒருதடவை பேசிட்டா விட மாட்டானுங்க." அவள் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வெந்நீர் புடிச்சுட்டு வரேன். நடு, அவன் கையை ஆட்டாம பாத்துக்க."

அவளுடைய செருப்புச் சத்தம் வராந்தா திரும்பும் வரை அவன் பேசவில்லை. பிறகு போனை என் பக்கம் நீட்டினான்.

பெரியக்காவின் பெயர். பதிவு எண். 'உங்கள் பரிசோதனை முடிவு தயாராகி 47 நாட்கள் ஆகின்றன. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.'

நாற்பத்தேழு. நான் சேர்த்த எண்.

"ஃபார்ம்ல என் நம்பரைக் குடுத்திருக்கும் போல" என்றான் மெதுவாக. "பொருந்தலன்னு சொல்லிச்சே சின்னக்கா. போய் வாங்கவே இல்லையா?"

"எனக்கு..." என்று ஆரம்பித்தேன். தெரியாது என்று முடிக்கத்தான் இருந்தேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பச்சை சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயந்துடுச்சு. பாவம். ஒரு ஊசி போட்டாலே மூஞ்சியத் திருப்பிக்கும். இதுல..." கொஞ்சம் சிரித்தான். "நாப்பத்தேழு நாளா, வாரத்துக்கு மூணு தடவை, இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்து என் காலைப் புடிச்சு விட்டுருக்கு. நெஞ்சுல இதை வெச்சுக்கிட்டு. எனக்கு மெஷின் இருக்கு. அதுக்கு என்ன இருக்கு சொல்லு."

கட்டை விரலால் மெசேஜை அழித்தான். எனக்கு ஏழு நிமிஷம் ஆனது. அவனுக்கு ஒரு நொடி.

"அதுகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அப்புறம் இங்க வரவே வராது." பிறகு அவன் நெற்றி சுருங்கியது. "ஆனா ஒண்ணு சின்னக்கா. இதை எப்படி எனக்கு அனுப்பலாம்? நான்ங்கறதால பரவால்ல. இன்னொரு வீட்டுல என்னென்ன ஆகுமோ. புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டி எடுத்த டெஸ்ட்டு, அம்மாவுக்குத் தெரியாம பொண்ணு எடுத்தது... யாரு பண்ணின வேலைன்னு மதியம் அந்த லேபுக்குப் போன் போட்டுக் கேக்கப் போறேன். சும்மா விடறதா இல்ல."

முப்பத்தோரு வீடுகள். ஒரு வீடு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"அக்கா, ஓடினது சரி, ஏன் ஓடுச்சுன்னு நீங்க எப்படியும் கேப்பீங்கல்ல? அதனால ஒவ்வொரு வரியாப் படிச்சுட்டிருந்தேன். பன்னெண்டாவது வரி புரியல. போன் 2 ஏன் எடுத்தீங்க? எங்க லிஸ்ட்டுல போன் 1தான் அவங்க நம்பர். போன் 2, அவசரத்துக்குக் கூப்பிட அவங்க குடுக்கற வேற ஆளோடது. நான் ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா? இப்ப போன் 1க்கும் ஒரு தடவை அனுப்பிடட்டுமா?"

நான் ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா.

நான் கற்றுக்கொடுத்தபடிதான் படித்திருக்கிறாள். நான் கேட்க வேண்டிய கேள்வியை, நான் கேட்கிற மாதிரியே, அவள் கேட்டிருக்கிறாள். ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவள் நான்.

தளத்தைத் திறந்தேன். என் பதிலுக்குக் கீழே அதற்குள் பதினாறு பேர் பாராட்டுக் குறி போட்டிருந்தார்கள். முழுப் புரோகிராமைக் கொடுத்தால் எல்லோருக்கும் பிடிக்கும். பதிலின் தலையில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதினேன்: "இந்தப் பதில் தவறு. பன்னிரண்டாவது வரியை யாரும் பயன்படுத்தாதீர்கள். எந்த நம்பர் யாருடையது என்று கேட்காமல் நானாக முடிவு செய்தேன். கேள்வி கேட்டவர் மேல் தவறு எதுவும் இல்லை." அதற்குக் கீழே, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, ஊசிநூல் என்ற பெயருக்குப் பதில் என் சொந்தப் பெயரையும், வேலை செய்யும் கம்பெனியையும், போன் நம்பரையும் போட்டேன்.

நத்தைக்குத் தனியாக எழுதினேன்: "நீ சரியாகத்தான் புரிந்துகொண்டாய். தவறாகப் புரிந்துகொண்டது நான். இந்தப் பக்கத்தை மேனேஜரிடம் இப்போதே காட்டு. அவர் என்னைக் கூப்பிடட்டும்."

போன் 1க்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள். அதற்கு மட்டும் பதில் எழுத முடியவில்லை. பெரியக்காவின் போன் இன்னும் பைக்கு மேல் குப்புறக் கிடந்தது.

"யாரு சின்னக்கா? ஆபீஸா? மூஞ்சியே சரியில்ல."

வராந்தாவில் செருப்புச் சத்தம் திரும்பி வர ஆரம்பித்திருந்தது. வழியில் நர்சம்மாவை நிறுத்தி, "முட்டியை மடக்காம தூக்கணும்னு சொன்னேன்ல?" என்று அவள் அதட்டுவது கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் இருக்காது.

ஸ்டூலை அவன் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சின்னவனே, லேப்ல யாரையும் கேக்காத" என்றேன். "என்னைக் கேளு."